விலை இறங்கட்டும்

கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்லும் முதல் வார்த்தை ‘பொறுங்க’ என்பதுதான். திருநெல்வேலி ஜங்ஷனில் என்னைப்போல இன்னும் நான்கு பேர் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் படியேறும்போதே ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிடுகிற ஆட்கள். நான் அப்படியில்லை. புதுப் பிராசஸர் வரப்போகிறது, பழையதன் விலை இறங்கும், இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். மந்திரமூர்த்தி அண்ணாச்சி நியாயமான ஆள் என்று ஊரில் பேர். அந்தப் பேரில் எனக்கு இருந்த கிறுக்கு கொஞ்சநஞ்சமல்ல.

தொண்ணூற்றெட்டு ஜூனில் பிருந்தா வந்தாள். கொக்கிரகுளத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் கிளார்க், வீடு டவுனில். தம்பி சங்கருக்கு கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொல்லி, அவன் நோட்டிலிருந்து கிழித்து எழுதிக் கொடுத்த ஒரு தாளை நீட்டினாள். தாள் முழுக்கக் கேள்வி. பிராசஸரில் பென்டியம் டூ நல்லதா, கே-சிக்ஸ் நல்லதா? கார் பந்தய கேமில் பாதை வேகமாக ஓடும்போது எது திணறும்? பின்னால் பிராசஸரை மட்டும் மாற்ற முடியுமா?

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் சிடியில் படம் பார்க்கலாமா என்பதுதான். முதல்முறையாக விவரம் தெரிந்த ஒருவன்.

“தம்பி வரலையா?”

“படிக்கான். நேரமில்ல.”

“கே-சிக்ஸ் ஒண்ணு கையில இருக்கு. ஆனா ரெண்டு மாசத்துல புதுசா இறங்குது, பென்டியம் டூ விலை மளமளன்னு குறையும். அதே காசுக்கு ராஜா மாதிரி வாங்கலாம். பொறுங்க.”

அவள் நகரவில்லை. “இப்பவே வேணும்னா?” என்றாள்.

“அப்படி என்ன அவசரம்? கம்ப்யூட்டர் எங்கயும் ஓடியா போவுது?”

தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நானும் வேறு வேலையைப் பார்த்தேன்.

ஆகஸ்டில் பிருந்தா கையில் சங்கரின் இரண்டாவது தாள் வந்தது. செலரான் என்று மலிவாக ஒன்று வந்திருக்கிறதே, அதை வாங்கலாமா என்று கேட்டிருந்தான். நான் பதிலுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். மெட்ராஸ் பத்திரிகையில் வந்த கணக்கையெல்லாம் போட்டு, அவசரப்படாதே, தீபாவளிக்குள் இதைவிட நல்லது வரும் என்று முடித்தேன். அவன் மறுத்து எழுதினான். நான் மறுபடியும் எழுதினேன். ராத்திரி சாப்பிடும்போதுகூட அவனுக்கு என்ன பதில் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு சந்தோஷம் அதில்.

தீபாவளிக்கு முன்னால் வந்த தாளில் எழுத்து கோணலும் மாணலுமாக இருந்தது. பஸ்ஸில் வைத்து எழுதியிருப்பான் என்று நினைத்தேன். டிசம்பரில் வந்தது அவன் எழுத்தே இல்லை, பிருந்தாவின் கையெழுத்து. அதில் கேள்வியும் இல்லை. ‘எது இருக்கிறதோ அதைத் தாருங்கள்’ என்று ஒரே வரி.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. “எழுதக்கூட நேரமில்லையாக்கும்? இல்ல, நம்ம கடை மாடி ஏற உங்க தம்பிக்குக் கால் வலிக்குதா?” என்று கேலி செய்தேன்.

“ஆமா, சரியான சோம்பேறி” என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இருந்ததைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதம் காத்தவனுக்கு நல்லதாகவே கொடுப்போம் என்று பென்டியம் டூவில் வேகமானதாகப் பார்த்து மெட்ராசுக்குச் சொன்னேன். பார்சல் வந்து சேரப் பொங்கல் கழிந்துவிட்டது. வீட்டுக்கே வந்து பூட்டித் தரச் சொன்னாள் பிருந்தா. ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவர் அவள் அப்பா திருஞானசம்பந்தம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். “வாங்க” என்றார். என் முகத்தைப் பார்க்காமலே உள்ளறையைக் காட்டினார்.

நாற்காலியில் ஒரு பையன் இருந்தான். சாய்ந்து விழாமலிருக்க நெஞ்சோடு சேர்த்து ஒரு துண்டால் கட்டியிருந்தார்கள். கால் இரண்டும் குச்சி. வயது பத்தொன்பது என்று பிறகு தெரிந்தது; பார்த்தால் பதினான்குதான் சொல்லலாம். “வாங்க அண்ணாச்சி, கடைசியில எதைக் கொண்டாந்திருக்கீங்க?” என்றான்.

சொன்னேன். “ஏ யப்பா!” என்றான்.

அவன் பார்த்துக்கொண்டிருக்க எல்லாவற்றையும் பூட்டினேன். விண்டோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கேட்கிற சாக்கில் வெளியே வந்து பிருந்தாவைப் பிடித்தேன்.

“ஏம்மா, மொத நாளே சொல்லப்படாதா?”

“யாருட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டாங்க அப்பா. எனக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருந்தாங்க. இந்தச் சதை கரையுத நோய் பொண்ணு வழியாதான் அடுத்த பிள்ளைக்குப் போவுமாம். வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?”

“இப்ப?”

“மாப்பிள்ள வீட்டுக்காரங்களே விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. போன மாசம் வேண்டாம்னு சொல்லி விட்டுட்டாங்க. இனி யாருட்ட ஒளிக்க?”

“ஜூன்ல அவன் கை எப்படி இருந்துச்சு?”

“கால்தான் போயிருந்துச்சு. விரல் நல்லா இருந்துச்சு. ஆபீஸ் கால்குலேட்டரக் கொண்டாந்தா நாள் பூரா தட்டிக்கிட்டே இருப்பான். கார்த்திகையில காய்ச்சல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தான். அதோட விரலும் போச்சு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்த இவள் மேல், மூட வைத்த அந்தப் பெரிய மனிதர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக என் மேல். கொடு என்று கேட்டு வந்தவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேனே, படுபாவி.

உள்ளே போய் கேமை ஏற்றினேன். கார்கள் வரிசையாக நின்றன. பிருந்தா அவன் வலது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகக் கீபோர்டில் வைத்தாள். அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றி நரம்பு புடைத்தது. விரல் அசையவில்லை. மற்ற கார்களெல்லாம் போய்விட்டன. எங்கள் கார் மட்டும் கோட்டிலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது. அறை வாசலில் நின்ற திருஞானசம்பந்தம் அங்கிருந்து போய்விட்டார்.

“நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி, நான் சொல்லுதேன்” என்றான் சங்கர்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். எனக்குப் பிராசஸரைப் பற்றி எல்லாம் தெரியும், கேம் ஓட்டத் தெரியாது. பைய, பைய என்பான். அதற்குள் சுவரில் மோதியிருப்பேன். படம் மட்டும் ஒரு சொட்டுக்கூடத் திணறவில்லை. தண்ணீர் மாதிரி ஓடியது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றான். “ஜூன்ல உங்க கையில ஒரு கே-சிக்ஸ் இருந்துச்சாமே. அதுல இந்த கேம் ஓடியிருக்குமா?”

கடை போட்டு ஐந்து வருடத்தில் வாங்க வந்த ஒருவரிடமும் நான் பொய் சொன்னதில்லை.

“ஓடாது தம்பி. திக்கித் திக்கி நின்னுருக்கும். உனக்கு வெறுத்தே போயிருக்கும்.”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஓடியிருக்கும் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் புக்குல கே-சிக்ஸச் சோதிச்சுப் பாத்து வேகத்துக்கு நம்பர் போட்டிருந்தான். இதுல பாதி வேகம் வரும். எனக்கு அது தாராளம்.”

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

“அடுத்தது பெரிய வளைவு. இப்பமே பிரேக்கப் பிடிங்க” என்றான்.