எழுபத்தெட்டுக் கிலோ

பை அடுக்குவதில் றெஜினாவை மிஞ்ச அந்தக் குழுவில் ஆளில்லை. காணாமல் போன சிறு விமானங்களைத் தேடிப் பறக்கும் தொண்டர் குழு அது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பை அடுக்கும் பாடத்தை அவள்தான் எடுப்பாள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், குரல் நடுங்க நடுங்கச் சொல்லிக்கொடுப்பாள். பருத்தி வேண்டாம், நனைந்தால் உடம்புச் சூட்டைக் குடித்துவிடும், கம்பளி கொண்டுவாருங்கள். தொப்பி உச்சியில் பொத்தான் இருக்கக் கூடாது, விமானத்தில் மாட்டும் காதுக்கருவியின் பட்டி அதை நான்கு மணித்தியாலம் மண்டைக்குள் அழுத்திக்கொண்டிருக்கும். சென்ட் பூசாதீர்கள், பக்கத்தில் இருப்பவருக்குக் குமட்டும். சப்பாத்து உங்கள் காலுக்கு அளவானதாக, உங்களுடையதாக இருக்கட்டும்; காட்டில் இறங்க நேர்ந்தால் அதோடுதான் நடந்து வரவேண்டும். எல்லாம் சேர்த்து ஏழு கிலோ. அதற்கு மேல் ஒரு இஞ்சி டொபியும் வேண்டாம்.

பாடம் கேட்டவர்கள் பறக்கப் போவார்கள். பாடம் சொன்னவள் வீட்டுக்குப் போவாள்.

அவளும் கணவன் பற்றிக்கும் மூன்று வருடங்களுக்கு முன் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். பயிற்சியின்போது காட்டுக்குள் விரித்திருந்த எட்டுச் செம்மஞ்சள் துணிகளை மேலேயிருந்து கண்டுபிடிக்க வேண்டும். பற்றிக் மூன்றைக் கண்டான். றெஜினா ஏழைக் கண்டாள். விமானி ஜில் ஆளைப் புகழ்ந்து பழக்கமில்லாத மனிதர். இறங்கியதும் அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்து, "இந்தக் கண்ணை இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தாய்?" என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று அவள் பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு அழைப்பு வந்தபோதெல்லாம் பற்றிக்தான் போனான். "பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்ற ஒரு கேள்வி அவளை வீட்டோடு கட்டிப்போடப் போதுமாக இருந்தது. ஜெசிக்காவுக்கு இப்போது ஆறு வயது.

பற்றிக் கெட்டவன் இல்லை. குளிர்களஞ்சியம் ஒன்றில் பெட்டி ஏற்றுகிறான். பன்னிரண்டு வருடமாகியும் அங்கே அவனுடைய பெயர் யாருக்கும் தெரியாது. விரலைச் சொடுக்கித்தான் கூப்பிடுவார்கள். குழு கொடுத்த செம்மஞ்சள் சட்டையின் நெஞ்சில் அவனுடைய பெயர் தைக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர், "எங்கட பங்குப் பிள்ளை ஒராள் ஆகாயத்திலை பறந்து உயிர்களைக் காப்பாத்துறார்" என்று அறிவித்தார். கோவில் முழுவதும் கைதட்டியது. அவன் அதுவரை ஒருவரையும் கண்டுபிடிக்கவில்லை என்பது றெஜினாவுக்கு மட்டும் தெரியும். அவளும் கைதட்டினாள்.

பொய் ஒரு விண்ணப்பத்தில் தொடங்கியது. வருடத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தங்கள் நிறையை எழுதிக்கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லாப் பத்திரங்களையும் நிரப்புவது றெஜினாதான்.

"எத்தினை கிலோ எண்டு போட?"

"எழுபத்தெட்டு."

"அது கலியாணத்திலையப்பா."

"கலியாணத்திலை நிண்டது நான்தானே? போடும்."

அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். அவன் அப்போதே தொண்ணூறைத் தாண்டியிருந்தான். கோழிக்குழம்பும் பாணும் செய்த வேலை; அதிலும் அவளுக்குப் பங்குண்டு.

ஆனால் அந்த இலக்கம் கடுதாசியோடு நிற்கவில்லை. நாலு பேர் ஏறும் விமானம் அது. விமானி, பக்கத்தில் வரைபடக்காரர், பின்னால் இடப்புறம் ஒருவர், வலப்புறம் ஒருவர். நாலு பேரின் நிறையையும் பைகளின் நிறையையும் கூட்டித்தான் ஜில் எவ்வளவு எரிபொருள் ஏற்றலாம் என்று முடிவெடுப்பார். பற்றிக் இதை இரண்டாவது பறப்பில்தான் விளங்கிக்கொண்டான். அன்று வீட்டுக்கு வந்து, "பையைக் குறையும்" என்றான்.

முதலில் தூங்குபை போனது. பிறகு சின்ன அடுப்பு. பிறகு இரண்டாவது தண்ணீர்ப் போத்தல், மாற்றுக் காற்சட்டை, முதலுதவிப் பொட்டலம். கடைசியில் பை இரண்டரைக் கிலோவுக்கு வந்தது. வெளியே பார்க்கச் சப்பையாகத் தெரியக் கூடாதென்று ஜெசிக்காவின் பழைய தலையணையை றெஜினா உள்ளே திணித்தாள். காட்டில் ஒரு இரவு தங்க நேர்ந்தால் அவனுக்குத் தலை வைக்க மட்டும்தான் வசதி இருந்தது.

அவளுக்கும் ஒரு பை இருந்தது. குளிர்கோட்டுகளுக்குப் பின்னால், அலுமாரியில். சரியாக ஏழு கிலோ. ஒவ்வொரு பருவமும் மின்கலங்களை மாற்றுவாள், டொபிகளைப் புதுப்பிப்பாள், சப்பாத்துக்கு மெழுகு தேய்ப்பாள். அது ஒருநாளும் வீட்டைவிட்டு வெளியேறியதில்லை.

நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அழைப்பு வந்தது. வடக்கே ஏரிக்கரை வீட்டிலிருந்து புறப்பட்ட சிறு விமானம் ஒன்று முதல்நாள் வந்துசேரவில்லை. புருசனும் பெண்சாதியும் உள்ளே. தூரம் அதிகம், தாங்கி நிரம்ப எரிபொருள் வேண்டும். மதியத்துக்குப் பிறகு பனி கொட்டும் என்கிறார்கள். பற்றிக் பறக்க வேண்டும். வழமையாகத் தரையில் ரேடியோ பார்ப்பவருக்குக் காய்ச்சல் என்பதால் றெஜினாவும் வரவேண்டும்.

மேல்மாடி அக்னெஸ் அக்கா இரவு உடுப்போடேயே இறங்கிவந்து ஜெசிக்காவைத் தூக்கிக்கொண்டாள்.

"என்னடி, உனக்கும் செட்டை முளைச்சிட்டுதோ?"

"நான் கீழை இருந்து கதைக்கிறதுதான் அக்கா."

"கீழை இருந்து கதைக்க நாப்பது நிமிசம் கார் ஓட வேணுமோ? உதை இஞ்சை இருந்து செய்யலாமே, நாங்கள் எல்லாரும் செய்யிறம்." சிரித்துக்கொண்டே வெளிப்படியில் ஏறினாள். ஏறும்போது திரும்பி, "பிள்ளையை நான் எந்தச் சனியும் பாப்பன். நீ கேட்டால்தானே" என்றாள்.

றெஜினா சமையலறை மேசையில் பற்றிக்கின் பையைத் திறந்தாள். தலையணையை வெளியே எடுத்தாள். தூங்குபையை அடியில் வைத்து உருட்டினாள். அடுப்பு, தீப்பெட்டி, இரண்டு தண்ணீர்ப் போத்தல், கம்பளிக் காலுறை, காற்சட்டை, தலைவிளக்கு, விசில். பட்டியலில் உள்ள எல்லாம். பற்றிக் வந்து பையைத் தூக்கினான்.

"என்னப்பா இது, கல்லுக் கில்லுப் போட்டனீரோ?"

"பட்டியலிலை இருக்கிறதுதான். அங்கை ராவிலை மைனஸ் பதினைஞ்சு."

"எடும் வெளியிலை."

"இல்லையப்பா. இண்டைக்குத் தாங்கி நிரம்ப எண்ணெய் விடுறாங்கள். உங்கட பதினாறு கிலோவை ஒளிக்க இடமில்லை. ஜில்லிட்டை உள்ளதைச் சொல்லுங்கோ."

"சொன்னால்?"

"சொன்னால் அவர் பாத்து ஏதும் செய்வார்."

"என்னை இறக்கிப்போட்டு உம்மை ஏத்துவார். அதுதானே?" அவன் குரல் உயரவில்லை. வழமையான ‘நீர்’ போய் ‘நீ’ வந்தது. "மூண்டு வருசமா நீ இதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறாய். என்ரை வயித்தை அளந்துகொண்டு."

றெஜினாவின் முகம் எரிந்தது. பொய் என்று சொல்ல வாயைத் திறந்தாள். முழுப் பொய் இல்லை என்பதால் மூடிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அவனுடைய காற்சட்டை இடுப்பைப் பிரித்துத் தைத்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று கணக்குப் பார்த்தது உண்மைதான்.

"நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்றாள்.

"சொல்லு. சொல்லிப்போட்டு ஏறிப் போ. சனம் எல்லாம் பாக்கட்டும்."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனான். எதையும் வெளியே எடுக்கவில்லை, எடுக்க நேரமில்லை. றெஜினா அலுமாரியைத் திறந்து குளிர்கோட்டை எடுத்தாள். பின்னால் அவளுடைய பை நின்றது. கை அதன் பட்டிவரை போனது. இதையும் தூக்கிக்கொண்டு போனால் அவன் சொன்னது அப்படியே மெய்யாகிவிடும். உண்மையைச் சொல்லப் போகிறவள் ஆசையோடு போகக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. அலுமாரியைச் சாத்தினாள். டெனிம் காற்சட்டை, பருத்திச் சுவெற்றர், துணிச் சப்பாத்து. ரேடியோவுக்கு முன்னால் இருக்கப் போகிறவளுக்கு இது போதும்.

பாலம் கடந்து தென்கரை விமானத்தளத்துக்கு வந்தார்கள்.

கொட்டகைக்குள் ஜில் தாளில் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். பின் இருக்கையின் இடப்புறத்துக்கு வந்திருந்த செலீன், இந்த ஊர்ப் பெண், ஓய்வு பெற்ற தாதி, கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். வரைபடக்காரர் வெளியே இறக்கைகளில் படிந்திருந்த உறைபனியைத் துடைத்தார்.

"பற்றிக், வழமைபோல எழுபத்தெட்டு? பை ஏழு?"

பற்றிக் கையுறையைக் கழற்றி மறுபடியும் போட்டான். றெஜினா அவனைப் பார்த்தாள். அவன் சொல்லிவிட வேண்டும் என்று அந்தக் கணத்தில் அவள் மனதார வேண்டினாள். அவன் "ஓம்" என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

"தொண்ணூற்று நாலு" என்றாள் றெஜினா பிரெஞ்சில். அவளுடைய குரல் அந்தப் பெரிய கொட்டகையில் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "பை ஏழு. போன பறப்புகளில் பை இரண்டரை. நான்தான் அடுக்கினேன். இலக்கத்தை எழுதியதும் நான்தான்."

ஜில் பேனாவை வைத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மூலையில் இருந்த சாமான் தராசைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து பற்றிக்குக்கு முன்னால் நிறுத்தினார். பற்றிக் ஏறினான். தொண்ணூற்றாறு. செலீன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த இரக்கம் அவனை இன்னும் கூனவைத்தது.

"மூன்று வருடம் என்னோடு இப்படிப் பறந்தாயா?" என்றார் ஜில். "செலீனுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், தெரியுமா?" பதிலுக்குக் காத்திராமல் றெஜினாவிடம் திரும்பினார். "நீ எத்தனை?"

"ஐம்பத்தேழு."

அவர் தாளில் எழுதினார், கூட்டினார், முகம் தெளிந்தது. "சரியாக வருகிறது. நீ வா. ரேடியோவை அவன் பார்க்கட்டும். உன்னுடைய பை எங்கே?"

மூன்று வருடமாக அவள் காத்திருந்த கேள்வி அது.

"வீட்டில்" என்றாள்.

"வீட்டிலா?"

"வீட்டில்."

ஜில் அவளுடைய டெனிமையும் துணிச் சப்பாத்தையும் பார்த்தார். செலீன், "என்னுடைய மேல்சட்டை ஒன்று இருக்கிறது" என்று தொடங்கினாள். பற்றிக்கின் பை தரையில் கிடந்தது, நிறைவாக, ஒரு குறையும் இல்லாமல். அவனுடைய சப்பாத்து நாற்பத்துநாலாம் அளவு. றெஜினாவின் கால் முப்பத்தாறு.

"அந்தத் துணிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இருபது கிலோமீற்றர் பனியில் நடப்பாயா?" என்றார் ஜில். "புதியவர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பது?"

"நான்."

"போய்வர எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை மணித்தியாலம்."

அவர் கொட்டகை வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தார். வானம் ஏற்கெனவே ஈயம்போல இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து தாளில் ஒரு வரியைக் கோடிட்டு அழித்தார். அவருக்குக் கோபம் வந்தது அப்போதுதான். அது பற்றிக்கின் மேல் அல்ல, அவள் மேல். "பொய் சொன்னவன் பையோடு வந்திருக்கிறான்" என்றார். "நீ ஏன் வெறுங்கையோடு வந்தாய்?"

அவள் ரேடியோ மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தாள்.

ஒன்பதேகாலுக்கு விமானம் மூன்று பேரோடு எழுந்தது. இடப்புறம் செலீன். வலப்புறத்தில் ஆளில்லை. றெஜினா ரேடியோவுக்கு முன்னால் இருந்து ஒவ்வொரு அரை மணித்தியாலமும் அவர்கள் சொன்ன இடத்தைப் பதிவேட்டில் எழுதினாள். ஒரு பக்கத்துக் கண்ணால் மட்டும் தேடுவதால், வரைபடத்தில் போட்ட ஒவ்வொரு தேடல் கோட்டிலும் போயும் வந்தும் பார்க்கவேண்டியிருந்தது. பாதி நிலத்தைக்கூட முடிக்கவில்லை. பன்னிரண்டரைக்குப் பனி தொடங்க, திரும்பிவிட்டார்கள். பற்றிக் முழு நேரமும் காருக்குள் இருந்தான். அவள் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வாங்கினான்.

"இப்ப சந்தோசமோ?"

"இல்லை."

"எனக்கும் இல்லாமல் உனக்கும் இல்லாமல் ஆக்கிப்போட்டாய். பையையாவது கொண்டு வந்திருந்தால் ஒராளாவது போயிருக்கலாம்." சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தான். அவன் பேசியதில் அன்று அது ஒன்றுதான் சரி.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஜில் தொலைபேசியில் வந்தார். வேறொரு குழு விமானத்தைக் கண்டுபிடித்துவிட்டது. சனிக்கிழமை அவர்கள் முடிக்காமல் விட்ட பகுதியில், ஒரு சரிவில், மரங்களுக்கு நடுவே. இருவரும் மோதிய உடனேயே போய்விட்டார்களாம். வைத்தியர் அதை உறுதியாகச் சொன்னாராம். உன் மனதில் எதையும் வைத்திருக்காதே என்றார். பற்றிக்கின் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். விண்ணப்பத்தை நிரப்பிய கையெழுத்து றெஜினாவுடையது என்பதால் அவளை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். தான் எதிர்த்துப் பேசியதாகவும் எடுபடவில்லை என்றும் சொன்னார்.

பற்றிக் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு நீண்ட மூச்சு விட்டான். நான்கு நாளாக நெஞ்சில் கிடந்தது இறங்கியதுபோல இருந்தது முகம்.

"பாத்தீரே. அங்கையே முடிஞ்சுது. ஆர் போயிருந்தாலும் ஒண்டும் மாறியிருக்காது."

"மாறியிருக்கும்."

"என்ன மாறியிருக்கும்? செத்ததுகள் எழும்பியிருக்குமோ?"

"நான் கண்டிருப்பன்" என்றாள் றெஜினா.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிச் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினான்.