ஏழாவது சுற்றில் ஏறியவர்

கோழிகள் வெளிச்சம் பட்டால் மிரளும். அதனால் அந்தக் கூடத்தில் பகலிலும் மங்கலான நீல விளக்குதான். லோவெல் டக்கெட் கூண்டுக்குள் கையை விடுவார், இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிப்பார், தலைகீழாகத் தூக்கி, தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும் கொக்கியில் மாட்டுவார். நிமிஷத்துக்கு இருபத்திரண்டு கோழி. ஐம்பத்திரண்டு வயதில், வேலை முடிவதற்குள் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிடும்.

நான்கு வருஷத்துக்கு முன்புவரை அதே கைகள் ஸ்டியரிங் பிடித்தவை. வட கரோலினாவின் அரை மைல் டிராக்குகளில் டக்கெட் கார் நுழைந்தால் கூட்டம் எழுந்து நிற்கும். சுவரில் மோதித் தோள்பட்டை நொறுங்கியது. தேறித் திரும்பி வந்தபோது அவருடைய காரில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஹோய்ட் போன் செய்தார். லோவெல்லின் பழைய மெக்கானிக். இப்போது ஜல்லி வியாபாரி ப்ரூயிட்டின் ரேஸ் காரைப் பார்த்துக்கொள்கிறார்.

"என்ன பண்ணிட்டிருக்க?"

"முட்டையும் ரொட்டியும் தின்னுட்டிருக்கேன். கோழிய இந்த ஜென்மத்துல வாயில வைக்க மாட்டேன். சொல்லு."

"முதலாளி பையன் கேடன் பைக்ல விழுந்து மணிக்கட்ட உடைச்சுக்கிட்டான். ஞாயித்துக்கிழமை இந்த வருஷத்துக் கடைசி ரேஸ். வண்டிய நீ ஓட்டுறியா? நாளைக்குக் காலையிலயே பயிற்சிக்கு வரணும்."

லோவெல் ரொட்டியைக் கீழே வைத்தார். வசந்தகாலத்தில் வர்ஜீனியாவிலிருக்கும் ஒரு கார் உரிமையாளரிடம் வேலை கேட்டுப் போயிருந்தார். அந்த மனிதர் மரியாதையாகத்தான் பேசினார். "நாலு வருஷமா உன் பேரு எந்த முடிவுத் தாள்லயும் இல்ல, லோவெல். விளம்பரம் குடுக்குறவன்கிட்ட நான் என்னத்தக் காட்டுறது? ஒரே ஒரு ரேஸ், முதல் அஞ்சு பேருக்குள்ள வந்து தாளை அனுப்பு. அடுத்த வருஷம் வண்டி உனக்கு."

"வரேன்" என்றார் லோவெல்.

வெள்ளிக்கிழமை லீவு கேட்டதற்குக் கூடத்து மேற்பார்வையாளர் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "உனக்கு லீவு தீந்துபோச்சு, டக்கெட். நாளைக்கு வரலன்னா திங்கக்கிழமை உன் அட்டைக்குக் கேட் திறக்காது. நான் போட்ட சட்டம் இல்லப்பா இது."

வீட்டில் மனைவி வெர்னா அவருடைய பழைய ரேஸ் உடுப்பை எடுத்து, இடுப்பில் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள். நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டாள்.

"வேலையும் போயி, இதுவும் போச்சுன்னா?"

"ஒரு தாள்ல பேரு வரணும் வெர்னா. அவ்வளவுதான்."

"தோளு?"

"தோள யாரு கேட்டா?"

அவள் சிரிக்கவில்லை. உடுப்பை மடித்து அவர் மடியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் அவர்தான் எல்லோரையும்விட வேகம். ஹோய்ட் கடிகாரத்தைக் காட்டி, "கிழவன்னு உன்ன எவன்டா சொன்னான்!" என்று முதுகில் அறைந்தார். ஞாயிறு காலை தகுதிச் சுற்றில் இருபத்தாறு கார்களில் இரண்டாவது இடம். வறுத்த பன்றி இறைச்சியின் புகை டிராக் முழுக்க மிதந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ, "டக்கெட்! உயிரோடவா இருக்க?" என்று கத்த, அவர் கையை ஆட்டினார்.

ஒரு மணிக்கு ப்ரூயிட் வந்தார். பின்னாலேயே அவருடைய மகன் கேடன், பத்தொன்பது வயது, மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பில். இடது கையில் மாவுக்கட்டு.

"லோவெல், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் ப்ரூயிட். "பையன்தான் ரேஸை ஆரம்பிக்கப் போறான். கடைசியில நின்னு மெதுவா உருட்டுவான். எவனாவது மோதினா மஞ்சள் கொடி காட்டி எல்லாரையும் மெதுவாப் போகச் சொல்லுவாங்க, அப்ப உள்ள வருவான், நீங்க ஏறிக்கங்க."

லோவெல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ரேஸ் தொடங்கப் பச்சைக் கொடி விழும்போது காருக்குள் யார் இருக்கிறாரோ, ரேஸ் அவர் பெயரில்தான். நடுவில் ஏறி மிச்சம் முழுவதையும் ஓட்டினாலும், ஏறியவர் பெயர் தாளில் வராது. கேடன் இந்த வருஷப் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தான். ஒரு ரேஸ் தவறினால் பட்டம் போய்விடும்.

"நான் ஓட்டி இரண்டாவதா வந்த இடம்?"

"ஆள் மாத்துனா கடைசிக்குப் போகணும். உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பண்ணதுதானே இது, உங்க காலத்துல."

பண்ணியதுதான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே டிராக்கில், காய்ச்சலோடு மூன்று சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார். ஒல்லியான ஒருவன் ஏறி ஜெயித்துக் கொடுத்தான். அந்தக் கோப்பை இன்றைக்கும் டிவி மேல் இருக்கிறது.

அப்பனும் மகனும் போனதும் லோவெல் ஹோய்ட்டைப் பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

ஹோய்ட் டயரின் காற்றை அளந்துகொண்டே இருந்தார். "வியாழக்கிழமையே."

"சொல்லல."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான். எனக்கும் அந்தாளு வேலை குடுத்தாத்தான் அடுப்பு எரியும் லோவெல். போறதுன்னா போயிடு, நான் தடுக்க மாட்டேன்."

லோவெல் வெளியே நின்ற தன் பிக்கப் வண்டியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வராததில் கோழி வேலை போனது போனதுதான். இப்போது கிளம்பினாலும் அது திரும்பி வராது. ஓட்டாமல் போனார் என்று பேச்சு எழுந்தால் இனி எந்தக் காரும் கிடைக்காது. கையுறையை மாட்டிக்கொண்டார்.

ஏழாவது சுற்றில் ஒரு கார் சுவரில் உரசியது. மஞ்சள் கொடி. கேடனை ஜன்னல் வழியாக இரண்டு பேர் இழுத்தெடுத்தார்கள், லோவெல் நுழைந்தார். இருக்கை பையனின் இடுப்புக்கு வார்த்தது. விலா எலும்பை இடுக்கிபோல் பிடித்தது. வார்களை இறுக்கி முடிப்பதற்குள் ஒரு சுற்று பின்தங்கியாகிவிட்டது.

அதை மீட்க நாற்பது சுற்று ஆனது. அதன் பிறகு ஒவ்வொரு காராகப் பிடித்தார். நூறாவது சுற்றில் காலுக்கடியில் தகடு பழுக்கக் காய்ந்துவிட்டது. கேடனின் பூட்ஸில் வெப்பம் தடுக்கும் அடிப்பாகம் உண்டு. அவருடையது பழைய தோல். வலது குதிகாலை அசைத்து அசைத்து வைத்தார், பிறகு அசைப்பதையும் விட்டார். ஒலிபெருக்கி, "கேடன் ப்ரூயிட் பதினொண்ணு! கேடன் ப்ரூயிட் எட்டு!" என்று கத்திக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்கவில்லை. அந்த ஒல்லி மனிதனின் பெயர் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தார். மீசை ஞாபகம் வந்தது. பெயர் வரவில்லை.

இருநூறாவது சுற்றில் மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினார். கேடனின் பட்டத்துக்கு அது போதும்.

டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து வலது பூட்ஸைக் கழற்றினார். காலுறையோடு தோலும் வந்தது. ஹோய்ட் ஐஸ் வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஹோய்ட், எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஓட்டுனானே ஒருத்தன், அவன் பேரு என்ன?"

ஹோய்ட் யோசித்தார். "தெரியலையே. இப்ப எதுக்கு அது?"

கோப்பை மேடையில் கேடனின் தலையில் சோடாவை ஊற்றினார்கள். பையன் அங்கிருந்தே கையசைத்தான். "அங்கிள்! நீங்களும் வாங்க!"

லோவெல் வாளியிலிருந்து காலை எடுத்து, நொண்டி, மேடைவரை போனார். போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். "பெரியவரே, கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கங்க. விளம்பரப் பலகை மறையுது."

கேடன் அப்பாவைப் பார்த்தான். ப்ரூயிட் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். லோவெல் தள்ளி நின்றார்.

வர்ஜீனியாக்காரருக்கு வழியிலேயே போன் போட்டுப் பார்த்தார். "ரேடியோவுல கேட்டேன் லோவெல், நல்லாத்தான் ஓட்டுன" என்றார் அவர். "தாள்ல இல்லையேப்பா."

திங்கட்கிழமை காலை, வலது காலில் கட்டும் செருப்புமாக லோவெல் கோழித் தொழிற்சாலைக் கேட்டுக்குப் போனார். அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு மறுபடி காட்டினார். சிவப்பு. பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க" என்றாள் ஒருத்தி, கடுமையில்லாமல்.

அவர் நகர்ந்தார். ஒவ்வொருவராக அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். அப்போது கோழிக் கூண்டுகள் அடுக்கிய லாரி ஒன்று சாலையிலிருந்து திரும்பி வந்தது. கம்பிகளுக்கிடையே வெள்ளை இறகுகள் பறந்தன. காவலாளி எதுவும் கேட்கவில்லை. பெரிய கேட் அகலத் திறந்தது.