சாமிப்பலகையில் ஏறிய டேப்லெட்டுகள்

நிஷிமோரி கடைத்தெருவில் நாற்பத்தோரு டேப்லெட் கணினிகள், ஒன்றே ஒன்று பதினோரு நாள் தவறியது தவிர, ஒருமுறைகூட சார்ஜ் ஏறாமல், யாரும் பொத்தானைத் தொடாமல், பதினோரு மாதம் வியாபாரம் பார்த்தன. அதற்கு அவை வாங்கிக்கொண்டது தினம் ஒரு சின்னக் கிண்ணம் சோறு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு வாய்த் தண்ணீர். சிறு வியாபாரிகள் புதுக் கருவிகளுக்கு எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று நகராட்சி வழியாக அவற்றைக் கடைக்கொன்றாகக் கொடுத்திருந்தது. நகராட்சி தன் வழக்கப்படி ஒவ்வொன்றின் முதுகிலும் 'இரவல் பொருள்' என்று வெள்ளைத்தாள் ஒட்டி, சதுரமாகச் சிவப்பு முத்திரை குத்தி அனுப்பியது. ஊறுகாய்க் கடை இனுசுகா மிட்சுவே அம்மாள் கண்ணாடி போடாமல் பெட்டியைப் பிரித்தார். வெள்ளைத்தாளும் சிவப்பு முத்திரையுமாக வருஷப் பிறப்புக்குக் கோயிலிலிருந்து வரும் சாமிச்சீட்டும் இப்படித்தான் இருக்கும். பயபக்தியோடு சுவரின் உச்சியில் இருந்த சாமிப்பலகையில் அதை ஏற்றி, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டார்.

அந்த வாரம் வீடு வீடாகச் சுற்றி வரும் அறிவிப்புப் பலகையில், குப்பை எடுக்கும் நாட்களுக்குக் கீழே, ஆபீஸ் கொடுத்த பொருளை எங்கே வைப்பது, என்ன படைப்பது என்று ஒரு வரி சேர்த்தார். அந்தத் தெருவில் அறிவிப்பைப் படித்தவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையை வைத்துப் பக்கத்துக் கடைக்குத் தள்ளிவிடுவார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். எல்லார் கடையிலும் மேலே இருக்கும்போது தன் கடையில் மட்டும் கீழே கிடந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நாலே நாளில் நாற்பத்தொன்றும் பலகை ஏறிவிட்டன. எந்த ஊரிலும் எந்தக் கருவியும் இத்தனை வேகத்தில் பரவியதில்லை என்று ஆராய்ச்சி நிலையம் பின்னால் எழுதியது, அதில் பொய் ஒன்றுமில்லை.

இரண்டாவது வாரம் முதல், காலையில் கைதட்டியதும் அந்தந்தக் கடைக்கு வேண்டிய ஆள் தானாக வந்து நின்றார். தொப்பிக்கடை வாகிதாவிடம் யார் தலைக்கும் பொருந்தாத பெரிய தொப்பி ஒன்று பதினான்கு வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது. அதே அளவுத் தலையோடு ஒருவர் தவறான நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கி, நேராக வந்து வாங்கிப் போனார். முடிதிருத்துபவரின் கடைக்கு, ரயிலில் உட்கார்ந்திருந்தபோதே முடி வளர்ந்துவிட்ட ஏழு பேர் வந்தார்கள். மிட்சுவே அம்மாள் தவிட்டில் ஊறப்போட்ட முள்ளங்கி அளவுக்கு மீறிப் புளித்த அன்று, மசக்கைக்காரிகள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். கடைத்தெரு இதை வெங்காய விலை இறங்கிய செய்திபோல எடுத்துக்கொண்டது.

ஆராய்ச்சி நிலையத்தின் குராமோச்சி தெப்பெய்க்கு நாற்பத்து மூன்று வயது. ஒன்பது வருஷமாக வருஷ ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவர். மார்ச் முடிவில் இயக்குநர் மனம் குளிர்ந்தால் இன்னொரு வருஷம், இல்லாவிட்டால் நடுத்தெரு. அவர் கொண்டுவந்த கேள்வித்தாளுக்கு எல்லாரும் உண்மையே சொன்னார்கள். கருவியைத் தினமும் கவனிக்கிறீர்களா? காலை தவறாமல். பலன் உண்டா? நிறைய. சிரமம்? எலி சோற்றைத் தின்றுவிடுகிறது. இந்தப் பதிலில்தான் தெப்பெய் பேனாவைக் கீழே வைத்தார். மிட்சுவே அம்மாளின் கடையில் ஏணி போட்டு ஏறினார், டேப்லெட்டை இறக்கினார், முறையாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று மின்சாரத்தில் செருகினார். அது கடவுச்சொல் கேட்டது, பிறகு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. பதினோரு நாள் அந்தக் கடைக்குள் ஈகூட நுழையவில்லை.

"வாத்தியாரே, அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க அதைப் படிக்க வெச்சுக் கெடுத்துட்டீங்க" என்றார் மிட்சுவே அம்மாள். பன்னிரண்டாம் நாள் தெப்பெய் தானே ஏறி, சோறும் உப்பும் வைத்து இறங்கினார். இறங்குவதற்குள் இரண்டு பேர் முள்ளங்கி கேட்டு நின்றார்கள்.

அவர் உள்ளதை எழுதினார்: வியாபாரம் கூடிய கடைகள் நாற்பத்தொன்று, கருவியைப் பயன்படுத்திய கடைகள் பூஜ்யம். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணனுக்கு நோப்பாளம் என்பார்கள். இயக்குநர் சோமெகாவாவுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன, ஆனாலும் நொந்துகொண்டார்.

"பூஜ்யத்துக்கு எவன்யா நிதி குடுப்பான்?"

"சார், யாருமே அதை ஆன் பண்ணல."

"ஆன் பண்ணீங்களான்னு நாம எங்கய்யா கேட்டோம்? கேள்வித்தாள்ல அது இல்லவே இல்லையே."

பூஜ்யம் நாற்பத்தொன்று ஆனது. இயக்குநர் தன் முத்திரையைக் குத்தி, தெப்பெய்யின் முத்திரைக்கும் இடம் விட்டு, தாளை நகர்த்தினார். தெப்பெய் முத்திரையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. மார்ச் முப்பத்தொன்றோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. நேர்மையாக இருந்ததில் பெருமை ஒன்றும் தோன்றவில்லை. இந்த வயதில் தன்னை யார் எடுப்பார்கள் என்று பயமாக இருந்தது. அறிக்கையைப் படித்த மற்ற ஊர்க் கடைக்காரர்கள் ஆளுக்கொரு சார்ஜரோடு நிஷிமோரியைப் பார்க்க வந்தார்கள். பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஊருக்குப் போய், தாங்கள் வாங்கிய டேப்லெட்டுகளை மின்சாரத்தில் செருகினார்கள். அவர்கள் கடைகளில் ஈ ஓட்டுவதற்கு ஈகூட இல்லை.

ஏப்ரல் முதல் வாரம் தெப்பெய், பதினோரு நாள் நஷ்டத்துக்கு மன்னிப்புக் கேட்க ஊறுகாய்க் கடைக்குப் போனார். மிட்சுவே அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார், தோளைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.

"ஊறுகாய்ப் பீப்பாயை அமுக்க வைக்கிற கல்லை என்னால இனிமே தூக்க முடியல. ஒரு ஆள் வேணும்னு காலைல கைதட்டினேன். வேற யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன், நீங்க வந்திருக்கீங்க. சரி, சட்டைக் கையை மடிங்க."

தெப்பெய் மடித்தார்.

அடுத்த ஆண்டு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து புதிதாக ஒரு பெண் கேள்வித்தாளோடு வந்தாள், அவளும் வருஷ ஒப்பந்தம்தான். கருவி வந்ததால் இங்கே யாருக்காவது வேலை போனதா, கிடைத்ததா என்று கேட்டாள். ஒருவருக்குப் போனது, ஒருவருக்குக் கிடைத்தது, இரண்டும் நான்தான் என்றார் தெப்பெய். ஏதாவது ஒரு கட்டத்தில்தான் குறிக்க முடியும் என்றாள் அவள். அவர் தவிடு படிந்த கையைக் கழுவி, ஏணியில் ஏறி, பலகையில் தண்ணீரை மாற்றிவிட்டு வந்து, 'கிடைத்தது' என்ற கட்டத்தில் தன் முத்திரையைக் குத்தினார்.