புல் காயும் புதன்கிழமை

மூன்று கிழமையாக விடாமல் பெய்த மழை, கூட்டம் வைத்திருந்த புதன்கிழமையாகப் பார்த்து ஓய்ந்தது. அந்த ஜெர்மன் மலையடிவாரத்தில் மாடு வளர்க்கிறவர்கள் எல்லாரும் விடிந்ததும் புல் வெட்டவும் காயவைக்கவும் போய்விட்டார்கள். நகரசபை மண்டபத்தில் போட்டிருந்த நாற்பது கதிரைகளில் பதினொன்றில்தான் ஆட்கள். அவர்களிலும் பாதிப்பேர் சங்கங்களின் ஆட்கள். மீதிப்பேர் பண்ணையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்திருக்கும் கிழவர்கள்.

சூசைதாசன் பின்வரிசையில் இருந்தார். மாடு அறுக்கும் இறைச்சிக்கூடத்தில் அதிகாலை மூன்று மணிக்கே வேலை தொடங்கியவர். இப்போது பிற்பகல் இரண்டு. கைகளை எத்தனை தரம் கழுவினாலும் குளிர் அறையின் விறைப்பு விரல்களை விட்டுப் போகவில்லை.

முன்னால் ஒரு பெரிய பலகை. அதில் எட்டு அட்டைகள் குத்தியிருந்தன: மேய்ச்சல் நிலத்துக்கு உதவிப்பணம், உள்ளூர் இறைச்சிக்கு விளம்பரம், ஓநாய்க்கு வேலி, சிறிய இறைச்சிக்கூடங்களுக்கு உதவி என்று. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒவ்வொரு சங்கத்துக்கும் மூன்று பச்சை வட்டங்கள். எது முக்கியமோ அதில் ஒட்டலாம். அதிகம் விழும் மூன்று அட்டைகள் மட்டும் அமைச்சுக்குப் போகும்.

குளிர் அறையின் இயந்திரம் முப்பது வருசப் பழசு. அரசாங்கம் கைகொடுக்காவிட்டால் வருட முடிவில் கூடத்தைப் பூட்டுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அடுத்த கூடம் நூற்றுப்பத்து கிலோமீற்றர் தள்ளி. சூசைதாசனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கத்தி பிடித்தே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. வேறொரு வேலைக்கு இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?

இடைவேளையில் கம்சனா அவரிடம் வந்தாள். கூட்டத்தை நடத்தும் அலுவலகத்துப் பெண். கார்ல்ஸ்ரூஹே தமிழ்ப் பள்ளியில் அவருடைய மகளோடு ஒரே வகுப்பில் இருந்தவள்.

“அங்கிள், நீங்களோ வந்தனீங்கள்?”

“ஓம் பிள்ளை. முதலாளி அனுப்பினவர். எனக்கு வட்டம் தரேல்லையே.”

“கூடத்துக்கு இல்லை அங்கிள். உதவி கிடைச்சா லாபமடையிற ஆக்கள் ஒட்ட ஏலாதாம்.”

“மாட்டுக்காரருக்கு லாபம் இல்லையோ?”

“நானும் அதைத்தான் கேட்டனான். கேட்டதுக்கு, கூட்டத்தை நீயே நடத்து எண்டு அனுப்பிப்போட்டினம்.” அவள் கொட்டாவியை அடக்கினாள். “எங்கட வீட்டில மாட்டிறைச்சி எண்டு சொல்லவே ஏலாது. அம்மா கேட்டா, பால்மாட்டு வேலை எண்டு சொல்லுறன்.”

“கொம்மா என்னோட கதைக்கிறது உனக்குத் தெரியும்தானே?”

“ஐயோ, சொல்லிப்போடாதேங்கோ.”

பிறகு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு வழி சொன்னாள். வராத பண்ணைக்காரர் கையெழுத்திட்டு ஒரு வோல்மக்ட், அதாவது அதிகாரக் கடிதம், கொடுத்தால் அவருக்காக இன்னொருவர் ஒட்டலாம். ஒருவருக்கு ஒரு கடிதம்தான். நாலு மணிக்கு முடித்துவிடுவார்கள்.

சூசைதாசன் படிவத்தை வாங்கிக்கொண்டு காரை எடுத்தார். யாரிடம் போவது என்று யோசிக்கவில்லை. குர்ட் ஏபர்லே இருபத்திரண்டு வருடமாகத் தன் மாடுகளை இவர்களிடமே கொண்டுவருகிறவர். பத்து நிமிடப் பயணம், மாடு மிரளாது என்று பெருமையாகச் சொல்கிறவர்.

சரிவில் ஏபர்லேயின் டிராக்டர் புல்லைப் புரட்டிக்கொண்டு போய்வந்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. அவர் இயந்திரத்தை நிறுத்தாமலே படிவத்தை வாங்கி, முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“மூன்றையும் மேய்ச்சல் நிலத்துக்கு ஒட்டிவிடு, சூசை,” என்று ஜெர்மன் மொழியில் கத்தினார்.

“கூடத்துக்கு?”

“அதற்கு மற்றவர்கள் ஒட்டுவார்கள். அது இல்லாமல் எவனுக்கு முடியும்?”

அடுத்த சரிவில் இன்னொரு டிராக்டர். அதற்கப்பால் வேறொன்று. மற்றவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். அதைச் சொல்லச் சூசைதாசன் வாயைத் திறப்பதற்குள் ஏபர்லே திருப்பத்துக்குப் போய்விட்டார்.

அவர் மண்டபத்துக்குத் திரும்பியபோது நாலு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கம்சனா கடிதத்தைப் பார்த்துவிட்டு மூன்று வட்டங்களை எண்ணிக் கொடுத்தாள். பலகையின் முன்னால் ஒருவரும் இல்லை. மேய்ச்சலுக்குப் பத்து, விளம்பரத்துக்கு எட்டு. ஓநாய் வேலிக்கு நாலு. கூடத்துக்கு இரண்டு. மற்ற அட்டைகளுக்கு அதுகூட இல்லை. அவர் இரண்டு தரம் எண்ணினார். மூன்றும் விழுந்தால் ஐந்து. ஐந்தென்றால் மூன்றாம் இடம்.

மேய்ச்சல் எப்படியும் முதலாவதுதான். ஏபர்லேக்கு ஒன்றும் குறையாது. இதைத் தனக்குத்தானே சொல்லியும், முதல் வட்டத்தைத் தாளிலிருந்து உரிக்க விரல் நுனிக்குப் பிடி கிடைக்க வெகுநேரம் எடுத்தது. மூன்றையும் கூடத்தின் அட்டையில், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக ஒட்டினார். கம்சனா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கோப்பிக் கோப்பையோடு வேட்டைக்காரர் சங்கத்து மனிதர் உள்ளே வந்தார். “நான் இன்னும் ஒட்டவில்லையே,” என்று சிரித்துக்கொண்டே தன் மூன்றையும் வேலிக்கு ஒட்டினார். ஏழு.

கம்சனா பலகையைப் படம் எடுத்தாள். “நாலாவதையும் பின்னிணைப்பில போடுவன், அங்கிள்.”

“ஆர் அதை வாசிக்கிறது?”

அவள் அட்டைகளைக் கழற்றத் தொடங்கினாள்.

காருக்குப் போகும்போது முதல் துளிகள் விழுந்தன. தொலைபேசி அடித்தது. ஏபர்லே.

“புல் முழுவதும் உள்ளே வந்துவிட்டது. ஒட்டினாயா?”

“ஒட்டினேன்.”

“மேய்ச்சல்?”

“முதலாவது. பத்து.”

“பார்த்தாயா! என் மூன்றும் சேர்ந்ததால்தான்.” அவர் களைப்போடு சிரித்தார். “கூடம்?”

“நாலாவது.”

“மற்றவர்கள் எல்லாரும் எங்கே போய்த் தொலைந்தார்கள்?” என்றார் ஏபர்லே. அவருக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது.

சூசைதாசன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். “புல்லுக்கு, குர்ட்,” என்றார்.