முன்னால் குடை, பின்னால் ஏணி

குருவிநத்தத்திலிருந்து பாகூர் வரைக்கும் ஒரு அம்பாசடர் காரைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனவன் இந்த அரங்கநாதன். வழியில் ஒரு டவுன் பஸ்ஸை முந்தினேன். பஸ் டிரைவர் எனக்குச் சலாம் வைத்தார். இதைச் சொன்னால் ஊரே சிரிக்கும், சிரிக்கட்டும். ஆனால் அன்றைக்கு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த பச்சையப்பனே, "இவன் வாயத் தொறந்தா புளுகுதான்" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

எழுபத்தேழாம் வருஷத் தேர்தல். கார் வைத்தியலிங்கம் ஐயாவுடையது, நான் டிரைவர். இரண்டு கட்சிக்காரர்களும் அவருடைய கரும்புத் தோட்டத்து வழியாகத்தான் போய்வர வேண்டும். யாரைப் பகைப்பது? முன் கண்ணாடியின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலக் குடைச் சின்னம், பின் கண்ணாடியில் ஏணிச் சின்னம் ஒட்டச் சொல்லிவிட்டார். எதிரே வருகிறவனுக்கு ஒரு கொள்கை, பின்னால் வருகிறவனுக்கு ஒரு கொள்கை. ஓட்டுகிறவன் கொள்கையை யார் கேட்டார்கள்? குடையை ஒட்டியது குடைக்கட்சிக் கிளைச் செயலாளர் பச்சையப்பன். வேலம்பிசின் காய்ச்சி ஒட்டினான். கண்ணாடி உடைந்தாலும் குடை பிரியாது.

மறுநாள் மத்தியானம் அவன் பெண்டாட்டி வள்ளியம்மைக்கு வலி கண்டது. மருத்துவச்சி கலியம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "புள்ள காலு பக்கமா வருது. என்னால ஆவாது, ஆஸ்பத்திரிக்கு ஓட்டு" என்றாள்.

கூட்டு ரோட்டுக்கு ஒரு பர்லாங்கு முன்னால் பிரேக் போட்டேன். ரோட்டின் குறுக்கே பனங்கட்டை. சுற்றி ஏணிக்காரர்கள், கையில் தடி. குடை ஒட்டிய கார் ஒன்று கண்ணாடியெல்லாம் நொறுங்கிக் கிடந்தது.

"உள்ள பிரசவ கேஸுன்னு சொல்லுடா" என்றேன்.

பச்சையப்பன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான். "காலையில அப்பிடிச் சொல்லித்தான்பா உள்ள போயி அவங்க கொடிமரத்த வெட்டுனோம்."

"யார் யோசனைடா அது?"

பச்சையப்பன் இறங்கி ஓடிக் குடையை நகத்தால் சுரண்டினான். பெருவிரலில் ரத்தம் வந்ததே தவிர, குடை அசையவில்லை. பின் சீட்டில் வள்ளியம்மை முனகுவது நின்றுபோயிருந்தது. "அடேய், பொண்ணு கண்ணு சொருவுதுடா!" என்று கலியம்மாள் என் முதுகில் குத்தினாள்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. களத்து மேட்டில் காரைத் திருப்பினேன், ரிவர்ஸ் போட்டேன். ஏணி முன்னே போயிற்று, குடை பின்னே வந்தது. பச்சையப்பன் துண்டை முக்காடு போட்டு, ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, குடையின்மேல் உள்ளங்கையைப் பொத்தினான்.

கட்டையருகே ஒருவன் குனிந்தான். "இன்னாடா பின்னாலயே வர்ற?"

"கியர் மாட்டிக்கிச்சுண்ணே. முன்னால போவாது. உள்ள பிரசவ கேஸு."

உள்ளே எட்டிப் பார்த்தான். "இவுரு எதுக்குக் கைய வெளிய நீட்டிக்கினு கீறாரு?"

"கண்ணாடி விரிசல். எடுத்தா உதிர்ந்துடும்."

அவன் முன்பக்கமாக நடந்து வந்தான். அப்போது பக்கத்தில் ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது: "ஏணிக்கே ஓட்டு! ஏணிக்கே ஓட்டு!"

கட்டையை நகர்த்திவிட்டார்கள்.

அதன் பிறகு எத்தனை மைல் ரிவர்ஸில் போனேன் என்பதில்தான் தகராறு. கலியம்மாள் இரண்டு பர்லாங்கு என்பாள். அவளுக்குத் தூரம் தெரியாது. கத்தியது யார் என்று கேட்டால் மட்டும் பச்சையப்பன் வெற்றிலைச் சாறு துப்ப எழுந்து போய்விடுவான்.

அன்று பாகூர் ஆஸ்பத்திரியில் பிறந்த தனக்கொடிக்கு இருபது வருஷம் கழித்துக் கல்யாணம். பந்தலில் சம்பந்தி வீட்டாரிடம் இதைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"யப்பா, மாமா சொல்றது நெசமா?"

பச்சையப்பனின் வேட்டியில் குடைக்கட்சிக் கரை. சுற்றிலும் அவன் கட்சி ஆட்கள்.

"பஸ்ஸு டிரைவரு சலாம் வச்சது பொய்யிம்மா" என்றான். பிறகு கையை அவள் முன்னால் விரித்தான். பெருவிரல் நகம் கோணலாக வளர்ந்திருந்தது.

"கண்ணாடி தோசக்கல்லாட்டம் காஞ்சிது. கைய எடுக்கல."