உருண்டையின் நகங்கள்

அண்ணி உருண்டை என்று பெயர் வைத்து வளர்த்த நாய்க்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "இப்பதான் பாக்க லட்சணமா இருக்கா" என்று அண்ணியிடம் சொன்னேன். நாய்களைக் குளிப்பாட்டி, முடியும் நகமும் வெட்டிவிடுவது என் தொழில். அதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை உருண்டைக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அண்ணி போனில் அழுதார். அண்ணி அண்ணனை அழவைத்துத்தான் பார்த்திருக்கிறேன், அவரே அழுது கேட்டதில்லை. மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். இன்று முடிவு தெரிந்துகொள்ள நானும் அண்ணியும் வந்திருக்கிறோம். என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தாள் உருண்டை. மூச்சு விடுகிறாளா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் குனிந்து பார்த்தேன்.

டாக்டர் உள்ளே கூப்பிட்டார்.

"இது மணல் ஈ பரப்புற நோய். கொசுவுல பாதிகூட இருக்காது, சத்தமும் போடாது. பொழுது சாயற நேரத்துல வந்து கடிக்கும். நோய் வந்த நாயைக் கடிச்சிட்டு அடுத்ததைக் கடிச்சா, அந்த நோய்க்கிருமி அதுக்குள்ள போயிடும்."

"வீட்டைப் பளிச்சுனு வெச்சிருக்கேன் டாக்டர்" என்றார் அண்ணி, தன்னைக் குற்றம் சாட்டிவிட்டது போல.

"வீட்டுக்குள்ள இல்லம்மா. சுவர் வெடிப்பு, ஈர மண்ணு, குப்பை, அங்கதான் இருக்கும். சிறுநீரகம் தப்பிச்சிருந்தா மருந்துல சமாளிச்சிடலாம். அந்த ரிப்போர்ட் இப்ப வந்துடும்." டாக்டர் பேனாவை எடுத்தார். "நகம் வேகமா வளர்ந்துச்சா? தோல் தவிடு மாதிரி உதிர்ந்துச்சா? மூக்கு காஞ்சு வெடிச்சுதா?"

"இல்லவே இல்ல. இவ என் நாத்தனார். இதுதான் இவ தொழிலே. எங்க உருண்டைக்கு ஒரு நகம் நீட்டிக்கிட்டு இருந்து நீங்க பாக்க முடியாது."

நாய்க்குச் சிரைக்கிறவள் என்று உறவுக்காரர்களிடம் என்னைச் சொல்லிச் சிரித்தவர் அண்ணி. பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

நகம் வளரத்தான் செய்தது. மாதம் ஒருமுறை வெட்டியதைப் பத்து நாளைக்கு ஒருமுறை வெட்டினேன். அண்ணி நாயை நடக்கவிடுவதில்லை, நகம் எங்கே தேயும் என்று மனதுக்குள் ஏளனம் வேறு. தவிடு தவிடாக உதிர்ந்ததை எண்ணெய் வைத்துச் சீவினேன். வெடித்த மூக்குக்குக் களிம்பு தடவினேன். அண்ணி கண்ணில் பட்டால் என் கைவேலையைத்தானே குறை சொல்வார்? அதனால் ஒவ்வொரு தடவையும் மினுமினுவென்று ஆக்கித்தான் அனுப்பினேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. மூடிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் அந்த மூன்று கேள்விக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"எல்லாமே இருந்துச்சு டாக்டர்" என்றேன். "நாலு மாசமா. நான் வெட்டிட்டேன். சுத்தம் பண்ணிட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். அவருக்கு இன்னும் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினார்.

நர்ஸ் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து வைத்தார். டாக்டர் படித்து முடிக்கும்வரை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்து உருண்டையின் கயிறு நழுவியது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சிறுநீரகம் ரொம்ப பாதிச்சிருக்கு. மருந்து இன்னிக்கே ஆரம்பிச்சிடறேன். ஆனா பொழைச்சிடும்னு வாக்கு குடுக்க முடியாது."

அண்ணி மேஜையைப் பிடித்துக்கொண்டார். "மூணு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

"வந்திருக்கீங்களேம்மா, தடுப்பூசி போட." டாக்டர் பழைய தாளைத் திருப்பினார். தன் கையெழுத்தைத் தானே மெதுவாகப் படித்தார். "தோல், நகம், மூக்கு எல்லாம் சுத்தம். மிக நல்ல பராமரிப்பு."

அந்தத் தடுப்பூசிக்கு முந்தின நாள் முழுக்க உருண்டை என் முடிவெட்டும் மேஜை மேல்தான் நின்றிருந்தாள்.

அண்ணி திட்டுவார் என்று காத்திருந்தேன். என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டி, கயிற்றை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.