கேஸ் சிலிண்டர் அழைக்கிறது

சட்டைப் பையில் போன் அடித்தது. அந்தோணிமுத்து எடுத்துப் பார்த்தார். 'கேஸ் சிலிண்டர்' என்று இருந்தது. "இந்த கேஸ்காரனுக்கு வேற வேலையே இல்ல" என்று நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்களிடம், யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு, வரப்போடு விறுவிறுவென்று நடந்து மோட்டார் கொட்டகைக்குள் புகுந்துகொண்டார். மோட்டார் ஓடும்போது உள்ளே பேசுவது வெளியே ஒரு ஈ காக்கைக்குக் கேட்காது. மகள் ஜாய்ஸிடம் அவர் பேசுவதெல்லாம் இங்கேதான்.

ஜாய்ஸ் பூம்புகாரில் இருக்கிறாள். கடலுக்குப் போகிற வீட்டுப் பையன் ராஜசேகரைக் கட்டிக்கொண்டு போனவள். வேதமும் வேறு, சாதியும் வேறு. அவள் வீட்டைவிட்டுப் போன அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் ஊரே நிற்கும்போது அந்தோணிமுத்து சத்தம் போட்டுச் சொன்னார், "இனிமே ஜாய்ஸுங்கற பேரு என் வீட்டுல ஒருத்தர் வாயிலயும் வரக்கூடாது." கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவையில் இருக்கிற மனுஷன், வேறென்ன சொல்வார்? மனைவி விண்ணரசி தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் மகளே கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் மனுஷர் உடைந்துபோனார். அன்றே அவள் நம்பரைப் பத்திரப்படுத்தினார். பேரைச் சொல்லக்கூடாது என்றுதானே சொன்னோம், பேசக்கூடாது என்றா சொன்னோம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம். விண்ணரசி பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பேர்தான் கேஸ் சிலிண்டர்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க போன்ல என்னை என்ன பேர்ல வச்சிருக்கீங்க?"

அந்தோணிமுத்துவுக்குத் திக்கென்றது. "இது என்னம்மா கேள்வி? மகள்னுதான் வச்சிருக்கேன்."

கடல் காற்று இரைச்சலோடு ஜாய்ஸ் சொன்னாள். "நான் கருவாடு விக்கிறேன்ல, ஆர்டருக்கு யாருக்கு அடிச்சாலும் அவங்க போன்ல 'கேஸ் சிலிண்டர்'னு வருதாம்ப்பா. எவரும் எடுக்க மாட்டேங்கறாங்க. எடுத்த ஒரு அம்மா, சிலிண்டர் நேத்துதான் வந்துச்சுன்னு சொல்லி வச்சிட்டாங்க. இவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. எனக்குச் சிரிப்பு வரல. அப்படிப் பேரு வைக்கிற ஆளு வேற யாரும் எனக்கில்லப்பா. அம்மா..." என்று ஏதோ சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். "சரி விடுங்க. சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டீங்களா என்றாளே, அதுதான் அவரைக் கொன்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சாப்பிட்டேன் என்று அதற்கும் ஒரு பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தவருக்கு, நட்டுக்கொண்டிருந்த பெண்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சிலிண்டர் வருதாங்கய்யா?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவருக்குத்தான் உடம்பு கூசியது. நேரே வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் கலந்தரின் செல்போன் கடைக்குப் போனார்.

கலந்தர் அவர் போனை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கூப்புடுறது யாருன்னு காட்டுற ஆப்பு ஒண்ணு போட்டிருக்கீங்கல்லண்ணே, அதுதான் வேலையக் காட்டிருக்கு."

போட்டது மகன் டேவிட்சன் என்றார் அந்தோணிமுத்து. குவைத்திலிருந்து லீவில் வந்தபோது அப்பா போனிலும் அம்மா போனிலும் போட்டுக்கொடுத்துவிட்டு, "இனிமே தெரியாத நம்பர்னு பயப்படாதீங்க, பேரோட வரும்" என்றான். பேரோடுதான் வந்தது. யார் யாரோ கூப்பிட்டார்கள், பேர் பேராக வந்தது, அந்தோணிமுத்துவும் டீக்கடையில் அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார். அந்தப் பேரெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை, இப்போதுதான் கேட்டார்.

"எங்கேருந்து வருது? உங்க போன்லேருந்து, என் போன்லேருந்து. அதைப் போட்ட அன்னிக்கே உள்ள இருந்த பேரு நம்பரு மொத்தத்தையும் அந்த ஆப்புக்காரன் அள்ளிக்கிட்டுப் போயிட்டாண்ணே."

"கேக்காமலா?"

"கேட்டானே. சம்மதமான்னு கேட்டான், உங்க மவன் அமுக்கிட்டாரு."

"பேரு என்ன மிளகாயா, அள்ளிக்கிட்டுப் போறதுக்கு? இதுல அவனுக்கு என்னய்யா லாபம்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. யாரு யாருக்குப் பேசுறா, எப்பப் பேசுறான்னு அவன்கிட்ட இருக்கு. அதை வச்சு விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிறான். கடைக்காரன், கம்பெனிக்காரன் பேரெல்லாம் பளிச்சுன்னு வரணும்னா அதுக்கும் வாங்குறான். கூப்புடுறவன் பேரைப் பார்க்கணும்னு நீங்க ஆசைப்பட்டீங்க. அதுக்கு உங்களுக்குத் தெரிஞ்சவங்க பேரையெல்லாம் தூக்கிக் குடுத்திருக்கீங்க."

கோயில் கணக்கரை 'முசுடு' என்று வைத்திருப்பது அந்தோணிமுத்துவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது கிடக்கட்டும். "அழிச்சிரு தம்பி."

"இதுலேருந்து அழிக்கலாம். அங்க போனதுக்கு எழுதிப் போட்டுத்தான் பார்க்கணும், எடுப்பானோ மாட்டானோ. யாருண்ணே இது, வேண்டியவங்களா?"

"தெரிஞ்சவங்க" என்றார் அந்தோணிமுத்து.

சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை பாடுகள் வாசிப்பில், பிடிபட்ட இயேசுவை மறுதலித்த சீடர் இராயப்பரின் பகுதி வருஷா வருஷம் அவருக்குத்தான். அந்த மனுஷனை எனக்குத் தெரியாது என்கிற இடத்தில் குரல் தழுதழுக்க வாசிப்பார், கேட்கிற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

கலந்தர் அந்த நம்பரைத் தன் போனில் போட்டுப் பார்த்தார். "இன்னொரு பேரும் கிடக்குண்ணே. 'ரேஷன் கடை'ன்னு. வேற எவரோ வச்சிருக்காங்க, உங்களை மாதிரியே."

அந்தோணிமுத்து அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விண்ணரசிக்கு ரேஷன் கடையிலிருந்து போன் வரும். பருப்பு வந்துருச்சாம், சர்க்கரை நாளைக்குத்தானாம் என்று சொல்லிக்கொண்டே கொல்லைப் பக்கம் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருப்பாள். பரவாயில்லையே, வீட்டுக்கு வீடு போன் பண்ணிச் சொல்கிறானே என்று இவர் அந்தக் கடைக்காரனைப் பேரவைக் கூட்டத்திலேயே பாராட்டியிருக்கிறார். எந்த ஊர் ரேஷன் கடைக்காரன் அப்படிச் சொல்வான்? மடையன், மடையன். பெற்ற மகளிடம் பேசுவதற்கு விண்ணரசி அவருக்குப் பயந்து பருப்பையும் சர்க்கரையும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவர் பயந்தது ஊருக்கு. அவள் பயந்தது அவருக்கு. அங்கே ஒருத்தி இரண்டு பேரையும் காட்டிக்கொடுக்காமல், தன் பேரையும் இழந்து, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள்.

"போனைக் குடு தம்பி" என்று வாங்கி, கேஸ் சிலிண்டரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். விரல் பெரியது, பக்கத்து எழுத்தெல்லாம் சேர்ந்து விழுந்தது. கலந்தர் உதவ வந்தார். "இல்ல, நானே போடுறேன்" என்றார்.

வீட்டில் விண்ணரசி சோற்றை வைத்துவிட்டு எதிரே நின்றாள். என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று அவர் பிசைந்துகொண்டே இருந்தார். அலமாரித் தட்டில் இருந்த அவள் போன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"யாரு?"

"ரேஷன் கடைங்க. பாமாயில் வந்துருச்சு போல." கால் கொல்லைப் பக்கம் திரும்பிவிட்டது.

"இங்கேயே எடு."

அவள் முகம் வெளிறிப்போனது. அந்த முகத்தைப் பார்த்தவருக்கு, இத்தனை நாள் இதே வீட்டில்தான் இருந்தோமா என்று இருந்தது. இதுதான் சமயம், அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வரவில்லை. இடது கையால் தன் போனை எடுத்து, அந்த நம்பரைத் திறந்து அவள் பக்கம் தரையில் தள்ளினார்.

விண்ணரசி குனிந்து பார்த்தாள். கண்ணாடி போடாததால் எழுத்து பிடிபடவில்லை. போனை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "ஜா..." என்றவள் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்தாள். முந்தானைக்குள் ரேஷன் கடை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.